ஒரு விரல் உயரம்

அத்தியாயம் 9

காலையில் எழுந்தான். பாலை அடுப்பில் வைத்தான். அது பொங்குவதற்குள் பல் துலக்கி முடித்தான். ரொட்டியை வாட்டினான். முட்டையை வேக வைத்து உரித்தான். டப்பாவில் போட்டு மூடினான். தண்ணீர் பாட்டிலை நிரப்பினான். மகளை எழுப்பினான். அவள் எழவில்லை. மறுபடியும் எழுப்பினான். எழுந்தாள்.

மனைவி இருந்தபோது இதே வேலைகளுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். வீடு இரண்டுபடும். சாக்ஸ் ஒன்று காணாமல் போகும். அதற்கு யார் காரணம் என்று ஒரு விசாரணை நடக்கும். இப்போது சாக்ஸ் காணாமல் போவதில்லை. யாரும் யாரையும் பார்த்துக் கத்துவதில்லை.

"மாப்பிள்ளை, சனி ஞாயிறு போனா அநியாய ரேட்டு," என்றார் மாமனார். கூடத்து நாற்காலியில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைப்பேசியை மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்தார். "செவ்வாய்க்கிழமை போனா பாதிதான். செவ்வாய்க்கிழமை வேலைவெட்டிய விட்டுட்டு எவன் ராட்டினம் சுத்தப் போவான்? நாமதான் போவோம்."

"சரி மாமா."

"துண்டு நாமளே எடுத்துட்டுப் போயிடணும். அங்க துண்டுக்கு வாடகையாம். ஈரம் துடைக்கறதுக்கு வாடகை! விட்டா மூச்சு விடறதுக்கும் மீட்டர் மாட்டுவான்."

மாமனார் ஓய்வு பெற்ற மின்சார மீட்டர் ரீடர். உலகத்தில் எது அதிகம் ஓடினாலும் அவருக்குக் கண்ணில் படும்.

"சரி மாமா."

"ரூம் செலவே கிடையாது. சின்னவ வீடு இருக்கு. பஸ்ஸுக்கு உங்க ஸ்டாஃப் பாஸ் இருக்கு. கணக்குப் பாத்தா, வீட்ல இருக்கறதைவிட அங்க போறது லாபம்!"

"சரி மாமா."

விடுமுறைக்குப் போவது என்று முடிவாகி ஒரு வாரம் ஆகியிருந்தது. முடிவு செய்தவன் அவன் இல்லை. மனைவியின் தங்கை இருக்கும் நகரத்தில் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஒன்று இருந்தது. தலைகீழாகச் சுற்றும் ரயில், செயற்கை அலை, பூதம் வாயைத் திறக்கும் குகை. அக்கா போனதிலிருந்து குழந்தை வெளியே எங்கும் போகவில்லை, ஒரு தடவை அழைத்து வாருங்கள் என்று மைத்துனி சொன்னாள். மாமனார் அன்றைக்கே திட்டத்தில் இறங்கிவிட்டார். மகள் செத்த வாரத்தில் ஒரு பெட்டியோடு இங்கு வந்தவர் அவர். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. அதிலிருந்தே எடுத்து உடுத்தி, அதிலேயே மடித்து வைப்பார்.

அவனிடம் கேட்டபோதும் அவன் அதைத்தான் சொன்னான். சரி. பாஸ் விண்ணப்பத்தை மாமனார் நிரப்பி நீட்டினார். கையெழுத்துப் போட்டான்.

பூங்காவின் வாசலில் குழந்தைகளுக்கு வயது கேட்பதில்லை, உயரம்தான் பார்ப்பார்கள் என்று மாமனார் கண்டுபிடித்தது போன ஞாயிற்றுக்கிழமை. சுவரில் ஒரு கோடு போட்டிருப்பார்களாம். கோட்டுக்குக் கீழே என்றால் இலவசம். மேலே என்றால் முழு டிக்கெட். பேத்தியைக் குளிர்சாதனப் பெட்டியோடு ஒட்டி நிறுத்தி டேப் வைத்து அளந்தார்.

"அடக் கொடுமையே, ஒரு விரல் கூட! ஒரே ஒரு விரலுக்கு முழு டிக்கெட்டா? ஏய் பட்டாணி, கேட்ல நிக்கும்போது முட்டிய லேசா மடக்கிக்கோ. கவுன் மறைச்சுடும்."

போன் ஸ்பீக்கரில் இருந்த மைத்துனி விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் அப்போது சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்து முடித்தான்.

பட்டாணி என்பது மனைவி வைத்த பெயர். எடை குறைவாகப் பிறந்த குழந்தை. பள்ளியில் வேறு பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஷூ போட்டாச்சா?"

"ம்."

"கடிக்குதா?"

"இல்ல."

பள்ளி வேன் வந்தது. அவள் ஏறினாள். அவன் கை அசைத்தான். வேன் போனது.

*

பஸ் டிப்போவில் அவனுக்கு 'டைம்டேபிள்' என்று பெயர். புள்ளியியல் படித்தவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த டிரைவர், எந்த கண்டக்டர் என்று பட்டியல் போடுவது அவன் வேலை. வெளியூர் வண்டிகளுக்குப் பட்டியல் போடுவதில் அவனுக்கென்று ஒரு முறை உண்டு. மற்றவர்கள் போகும் வண்டியைப் போட்டுவிட்டு, திரும்பும் வண்டியைப் பிறகு யோசிப்பார்கள். அவன் தலைகீழ். திரும்பும் வண்டியை முதலில் போடுவான். போவது எப்படியாவது போய்விடும், வருவதில்தான் ஆள் மாட்டிக்கொள்வான் என்பான். அவன் பட்டியலில் எந்த டிரைவரும் வெளியூரில் அநாதையாக நின்றதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே முரட்டு டிரைவர்கள்கூட அவனிடம் குரலை உயர்த்துவதில்லை.

அன்றும் அப்படித்தான் குனிந்து உட்கார்ந்திருந்தான். பாஸ் கவுண்டர் அக்கா கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"ஏய் டைம்டேபிள், இங்க வா."

போனான்.

"உன் குடும்பப் பாஸ்தான் பாத்துட்டு இருக்கேன். போகும்போது மூணு சீட்டு, வரும்போது ரெண்டு. என்னப்பா, ஒருத்தர அங்கேயே வித்துட்டு வரப்போறியா?"

அக்காவுக்கு எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டுத்தான் பழக்கம். அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"மாமா அங்க கொஞ்ச நாள் தங்கிட்டு வருவாரா இருக்கும்."

"உங்க மாமா வர்றாரே. ரெண்டும் முழு சீட்டு. அரை சீட்டுதான் வரல."

அரை சீட்டு யாருக்கு என்று இருவருக்கும் தெரியும். அக்காவின் முகத்தில் சிரிப்பு அணைந்தது.

"தப்பா போட்டுட்டாங்களா?"

மாமனார் எதையும் தப்பாகப் போடுகிறவர் இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு மீட்டரில் கடைசி எண் வரை பார்த்து எழுதியவர்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இத பாரு. திரும்பற வண்டி ஃபுல்லாயிடுச்சு. கடைசியா ஒரே ஒரு சீட்டு கிடக்கு. பின்னாடி டயர் மேல. தூக்கித் தூக்கிப் போடும், ஆனா சீட்டு சீட்டுதான். நாளைக்குக் காலையில பட்டியல் மூடற வரைக்கும் பிடிச்சு வைக்கறேன். வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. சரின்னு மட்டும் சொல்லிடாதே. உன் சரிய வெச்சுக்கிட்டு எனக்கு ஒரு மண்ணும் புரியறதில்ல."

அவன் 'சரி' என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

மேசைக்குத் திரும்பினான். எதிரே அடுத்த வாரத்துப் பட்டியல் பாதியில் கிடந்தது. ஊரார் வண்டிக்கெல்லாம் திரும்புவதை முதலில் பார்க்கிறவன், சொந்தப் பிள்ளையின் பயணத்தில் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தான்.

மாமனாருக்குப் போன் செய்யலாமா என்று யோசித்தபோது அவன் போனே அடித்தது. பள்ளிக்கூடம்.

"நான் விளையாட்டு டீச்சர் பேசறேன். உங்க பொண்ணுக்குக் கால்ல ஏதாவது அடி பட்டிருக்கா?"

"இல்லையே."

"டாக்டர் யாராவது முட்டிக்கு ஏதாவது சொன்னாங்களா? ஒரு வாரமா காலை மடக்கி மடக்கி நடக்கறா. இன்னிக்கு ஓட்டத்துல பாதியில உக்காந்துட்டா. எழுந்துக்க மாட்டேங்கறா. நீங்க வந்து கூட்டிட்டுப் போறது நல்லது."

"ஒரு வாரமாவா?"



"நீங்க பாக்கலையா சார்?"

*

பள்ளியின் ஓய்வறையில் ஒரு கட்டில், ஓர் எடை இயந்திரம், சுவரில் பல் படம். பட்டாணி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருக்கும்போதும் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். சுலபத்தில் வரவில்லை. இழுக்க வேண்டியிருந்தது. சாக்ஸைச் சுருட்டி எடுத்தான். பெருவிரல் சிவந்து கன்றிப்போயிருந்தது. சுண்டுவிரலில் கொப்புளம் ஒன்று உடைந்து காய்ந்து, மறுபடி உடைந்திருந்தது.

"கடிக்கலன்னு சொன்ன?"

"கடிக்கல."

"சின்னதாயிடுச்சு பட்டாணி."

"இல்ல. அது சரியாதான் இருக்கு," என்றாள் அவசரமாக. "அப்படியேதான் இருக்கு. நான் பெருசாகல."

அவன் முட்டியைத் தொட்டுப் பார்த்தான். வீக்கம் இல்லை.

"முட்டி வலிக்குதா?"

"நிறைய நேரம் மடக்கினா வலிக்கும். அப்புறம் சரியாயிடும்."

"எதுக்கு மடக்கற?"

"பழகறேன்."

"என்ன பழகற?"

"குள்ளமா இருக்க."

அவனுக்கு அப்போதுதான் டேப்பும் குளிர்சாதனப் பெட்டியும் மைத்துனியின் சிரிப்பும் ஞாபகம் வந்தன.

"தாத்தா வெளாட்டுக்குச் சொன்னாரும்மா. அதுவும் கேட்ல நிக்கும்போது மட்டும்தானே?"

அவள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. அப்படியே அவள் அம்மாவுடையது.

"திடீர்னு அங்க போய் மடக்கினா கண்டுபிடிச்சுடுவாங்கப்பா. எப்பவும் மடக்கியே இருந்தாதான் இவ இவ்ளோதான்னு நெனப்பாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஒரு டிக்கெட்டுக்காகவா இப்படிக் கால புண்ணாக்கிட்ட? நான் வாங்க மாட்டேனா?"

பட்டாணி பல் படத்தைப் பார்த்தாள். சொத்தைப் பல் ஒன்று அழுதுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"டிக்கெட்டுக்கு இல்ல."

"பின்ன?"

"தாத்தா சித்தி கூட பேசினாரு. நான் தூங்கறேன்னு நெனச்சுட்டாரு. 'இவ வளர்றா. வளர வளர அவன் ஒருத்தனால முடியாது. பூங்காவ சுத்திக் காமிச்சுட்டு அப்படியே உங்கிட்ட விட்டுடறேன்'னாரு."

அவன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். விடவில்லை.

"அதான் வளர வேணாம்னு," என்றாள் பட்டாணி. "வளரலன்னா உன்னால முடியும்ல?"

வெளியே மைதானத்தில் விசில் ஒலித்தது. பிள்ளைகள் கத்தினார்கள். அவன் என்னென்னவோ சொல்ல நினைத்தான். அவள் பாதத்தை மெல்லத் தரையில் வைத்தான்.

"எழுந்து நில்லு," என்றான் கடைசியில்.

நின்றாள். முட்டி மடங்கியே இருந்தது.

"நேரா."

கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"முழுசா நில்லு பட்டாணி. இங்க எந்தக் கோடும் இல்ல."

நிமிர்ந்தாள். வெறுங்காலில், தோளை விரித்து, தலையை உயர்த்தி. அவன் எழுந்து அவள் எதிரில் நின்றான். அவன் சட்டையின் கடைசிப் பட்டன் வரைதான் அவள் இருப்பதாக அவனுக்கு எண்ணம். அவள் நெற்றி அவன் நெஞ்சுக்குக் கீழே வந்து இடித்தது. எப்போது இவ்வளவு வளர்ந்தாள்? இந்த ஆறு மாதத்தில் அவளுக்குப் பால் ஊற்றியிருக்கிறான், தலை வாரிவிட்டிருக்கிறான், வேனில் ஏற்றியிருக்கிறான். அவளைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

வெறுங்காலோடு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். கனத்தாள். வழியில் செருப்புக்கடையில் இறக்கினான்.

"எந்த சைஸ் சார்?" என்றான் கடைக்காரன்.

அவனுக்குத் தெரியவில்லை.

கடைக்காரன் அவள் காலை அளந்துவிட்டு விசிலடித்தான். "ரெண்டு சைஸ் தாண்டிடுச்சு சார். இத்தன நாள் இந்தப் பாப்பா எதுக்குள்ள கால வெச்சிருந்துச்சு? தீப்பெட்டிக்குள்ளயா?"

பட்டாணி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். புது ஷூவைப் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்தாள். மூன்றாவது அடியில் பழக்கதோஷத்தில் முட்டி மடங்கியது. அவளே திருத்திக்கொண்டாள்.

*

மாமனார் கட்டிலில் துண்டுகளைப் பரப்பி வைத்திருந்தார். கிழிந்தது ஒரு பக்கம், கிழியாதது ஒரு பக்கம். பேத்தி பள்ளி நேரத்தில் வீட்டுக்கு வந்ததைப் பார்த்துப் பதறினார்.

"என்னாச்சு? காய்ச்சலா?"

"ஒண்ணுமில்ல. பட்டாணி, நீ உள்ள போ."

அவள் போனாள். அவன் கதவைச் சாத்தினான். துண்டுகளுக்கு எதிரில் நின்றான்.

"மாமா, திரும்பி வர்றதுக்கு அவளுக்கு சீட்டு போடல."

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த துண்டை நாலாக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"அங்க போயி."

"அங்க எங்க? பஸ்ஸுக்கு நிக்கும்போதா?"

"ஒரு நாள் பிள்ள சந்தோஷமா ஆடிட்டு வரட்டும். அப்புறம் பக்குவமா எடுத்துச் சொல்லலாம்னு..."

"அவளுக்குத் தெரியும் மாமா. ஒரு வாரமாத் தெரியும்."

மாமனார் வாயைத் திறந்தார். வார்த்தை கோபமாக வந்தது.

"நான் என்ன திருட்டுத்தனமா பண்ணேன்? கையெழுத்து நீங்கதானே போட்டீங்க? படிச்சுப் பாத்தீங்களா? எதைத்தான் பாக்கறீங்க? சுவரப் பாத்துப் பேசினாக்கூட எதிரொலி கேக்கும். உங்ககிட்டப் பேசினா 'சரி' ஒண்ணுதான் வருது. வீட்டுக்குத் தீ வெக்கட்டுமான்னு கேட்டாலும் சரிம்பீங்க!"

கையில் இருந்த துண்டைக் கட்டிலில் எறிந்தார்.

"அந்தக் குழந்த காலையில ஃப்ரிட்ஜுக்கு குட்மார்னிங் சொல்லுது மாப்பிள்ளை. நானே என் காதால கேட்டேன். ஏண்டி தங்கம் அதுக்குச் சொல்றேன்னா, அது மட்டும்தான் தாத்தா சத்தம் போடுதுங்குது. இப்படி ஒரு வீட்ல அவள எப்படி விட்டுட்டுப் போவேன்? நான் என்ன சாசுவதமா?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"ஒரு வாரமா முட்டிய மடக்கிட்டே நடந்திருக்கா," என்றான் மெதுவாக. "கோட்டுக்குக் கீழ நிக்கணும்னு. வளர்ந்தா விட்டுடுவாங்கன்னு. கால் எல்லாம் புண்ணு. நீங்க பாத்தீங்களா?"

மாமனார் அவனை வெறித்துப் பார்த்தார்.

"நானும் பாக்கல," என்றான்.

கிழவர் கிழிந்த துண்டுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு விளையாட்டுப் பேச்சு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. உள்ளறையிலிருந்து தொப் தொப்பென்று சத்தம் கேட்டது. பட்டாணி புது ஷூவோடு குதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னவகிட்ட நீங்களே பேசிடுங்க," என்றார் தளர்ந்து. "எல்லா ஏற்பாடும் அவ பண்ணிட்டா. எனக்கு அவகிட்ட மல்லுக்கட்டத் தெம்பில்ல."

அவரே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைத் துண்டுகளுக்கு நடுவில் வைத்தார்.

*

"அப்பா, துண்டு கணக்குக்காக இது நாலாவது போன். ஆஸ்பத்திரியில பல்ல காட்டிட்டு ஜனம் உக்காந்திருக்கு, நீங்க வேற!"

மைத்துனி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்த்தாள். எப்போதும் இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் பேசுவாள்.

"நான்தான்மா," என்றான் அவன்.

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. எழுந்து தனியிடத்துக்குப் போகிறாள் என்று தெரிந்தது.

"அப்பா சொல்லிட்டாரா மாமா?"

"நானே தெரிஞ்சுக்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு. எப்படா சொல்றதுன்னு எனக்கும் தூக்கம் இல்ல. மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீடு சத்தமான வீடு. என் பசங்க ரெண்டும் நாள் பூரா அடிச்சுக்கும். அந்தச் சத்தத்துல அவ தன்னால தேறிடுவா. அடுக்குக் கட்டில் வாங்கியாச்சு. மேல் தட்டு அவளுக்குன்னு பசங்க சீட்டு குலுக்கிப் போட்டு விட்டுக் குடுத்தாச்சு. ஸ்கூல்லயும் பேசிட்டேன். மாசாமாசம் நீங்க வந்து பாருங்க. உங்களுக்கென்ன, பாஸ் இருக்கு. சின்ன வயசு உங்களுக்கு. நாளைக்கு நீங்களும் ஒரு..."

"அத விடு."

"சரி, விட்டுட்டேன். அதப் பேசல."

"வேணாம்மா," என்றான்.

"எது வேணாம்?"

"அவ என்கூட வருவா. என்கூடத் திரும்பிடுவா."

ஆறு மாதத்தில் அவன் வேண்டாம் என்று சொல்லி மாமனார் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தார். மைத்துனியும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் லேசில் விடுகிறவள் இல்லை.

"திரும்பி வந்து? திரும்பி வந்து என்ன பண்ணுவா? ஃப்ரிட்ஜ் கூட பேசுவாளா?"

"நான் பேசுவேன்."

"நீங்களா? எங்கிட்ட நீங்க சேந்தாப்ல ரெண்டு வரி பேசினது இன்னிக்குத்தான் மாமா!"



மைத்துனியின் குரல் உடைந்தது. "நான் ஒண்ணும் ஆசப்பட்டுக் கேக்கல. எனக்கு ரெண்டு இருக்கு, அதுங்களையே மேய்க்க முடியல. அக்கா சொல்லிட்டுப் போனா. அன்னிக்கு போன்ல, மூச்சு வாங்க வாங்க, 'பட்டாணிய நீ பாத்துக்கோடி'ன்னா. நான் பாத்துக்கறேங்கான்னு சொன்னேன். அதான் அவ கடைசியாப் பேசினது. செத்துப்போனவ கேட்டது அது ஒண்ணுதான். அத நான் எப்படி மீறுவேன்? நீங்கதான் எப்படி மீறுவீங்க? சொல்லுங்க பாப்போம்!"

மாமனார் ஒரு துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

அவனுக்கு அந்தப் போன் தெரியும். அவன்தான் எண்ணை அழுத்தி அவள் காதில் பிடித்திருந்தான். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக மருத்துவமனைக் கட்டிலில் விழுந்திருந்தது. பேசி முடித்ததும் அவள் களைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மைத்துனி சொல்வது பொய்யில்லை. அவளுக்குத் தெரிந்தவரை அதுதான் கடைசி.

"அது மத்தியானம்," என்றான்.

"என்ன?"

"அவ உங்கிட்டப் பேசினது மத்தியானம். சாயங்காலம் முழிச்சா."



"பேசினாளா?" என்றாள் மைத்துனி.

"ம்."

"நீங்க சொல்லவே இல்லையே மாமா? எல்லாரும் எத்தன தடவ கேட்டோம். ஒண்ணும் சொல்லலன்னுதானே தலையாட்டினீங்க?"

தலையாட்டியது உண்மை. சொல்லியிருந்தால், அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். அதற்கு, அவள் சொன்னபடியே செய்தேன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். சொன்னபடியே எழுந்து, டிபன் பையை எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் பஸ் பிடித்து வந்துவிட்டான். விடியற்காலையில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது அவன் இந்த வீட்டில் இருந்தான். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. ஒரே ஒரு நாள் அவள் பேச்சைக் கேட்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் என்ன என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார் மாமனார். துண்டு அவர் மடியில் இருந்தது. "என் பொண்ணு என்ன சொன்னா?"

உள்ளே குதிக்கும் சத்தம் நின்றிருந்தது. கதவுக்குப் பின்னால் புது ஷூ ஒன்று தரையில் உரசியது. அவன் கதவைத் திறந்தான். பட்டாணி நேராக நின்றிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.

"'என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்தது போதும். வீட்டுக்குப் போங்க. நீங்க பக்கத்துல இல்லன்னா பட்டாணி தூங்க மாட்டா.'"